கோப்பையிலிருந்து பாடவேளைக்கு: பினாங்கில் ஓர் ஆசிரியர் அங்கீகாரத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1816-ல் பினாங்கு ஃபிரி ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து எண்ணினால், இங்கே தமிழ்க்கல்விக்கு இருநூறு வயது கடந்துவிட்டது. இந்தப் பள்ளிகளில் புதிதாக எதையாவது முயன்று பார்க்கும் ஆசிரியர்களைப் பாராட்ட, முன்னாள் மாணவர்களும் சில வணிகர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அறவாரியம் ஆண்டுதோறும் விருது கொடுத்து வந்தது. மே 16 ஆசிரியர் தினத்தை ஒட்டி ஒரு விருந்து. மேடையில் பொன்னாடை, கோப்பை, 1,000 ரிங்கிட் ரொக்கம். அதன் செயலவையில் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் நான் கவனிக்கிறேன். தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பொருளாளர் கணக்காளர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவரும் உண்டு. இந்த நிகழ்வில் பெரும்பங்கு அவருடையது.

அரசாங்கமும் ஆசிரியர்களை அங்கீகரிக்கிறது. ஆண்டுதோறும் கொடுக்கும் சிறந்த சேவை விருது, ஓர் அலுவலகத்தின் பணியாளர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டாது. 'குரு செமர்லாங்' என்ற சிறப்பாசிரியர் பதவி உயர்வுப் பாதையும் இருக்கிறது. இவை இரண்டும் பொதுச்சேவை விதிகளுக்குள் நடப்பவை. அவற்றில் கண்ணுக்குப் படாதவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அறவாரியம் தொடங்கிய நோக்கம்.

கவனித்தவை

2022-ல் பள்ளிகள் பழையபடி முழுமையாக இயங்கத் தொடங்கின. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் இல்லிருப்புக் கற்றலுமாகக் கழிந்த காலத்தின் விளைவு அப்போதுதான் வகுப்பறைகளில் முழுதாகத் தெரிந்தது. முதலாம் ஆண்டை வீட்டில் கைப்பேசித் திரையில் படித்த பிள்ளைகள் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு வரியைக் கூட்டி வாசிக்க வரவில்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஆசிரியர்கள் முதலில் சொன்னது இதைத்தான்.

ஆனால் அந்த ஆண்டு எங்களுக்கு வந்த விருது விண்ணப்பங்களில் இந்தப் பிரச்சினையைத் தொட்டது அநேகமாக எதுவும் இல்லை. விரிவுரையாளர் அம்மையார் பழைய ஆண்டுகளின் கோப்புகளையும் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்துப் படித்துவிட்டு வந்தார். பெரும்பாலான கோப்புகள் போட்டிகளைப் பற்றியவை. புத்தாக்கப் போட்டியில் தங்கம், ரோபோட்டிக் போட்டியில் இரண்டாம் இடம், இணையப் புதிர்ப் போட்டியில் பங்கேற்பு என்று சான்றிதழ் நகல்கள் அடுக்கடுக்காக இருந்தன. அந்த ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. சனிக்கிழமையும் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைப் பழக்கியவர்கள் அவர்கள். ஆனால் ஒரு போட்டிக்குப் போகிறவர்கள் நான்கைந்து பிள்ளைகள்தான். அதே வகுப்பின் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று எந்தக் கோப்பிலும் இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

இரண்டாவது, விண்ணப்பங்கள் தலைமையாசிரியர் வழியாகத்தான் வந்தன. தலைமையாசிரியரின் கண்ணில் படுகிறவர், நன்றாக எழுதத் தெரிந்தவர், படங்களை அழகாக அடுக்கத் தெரிந்தவர் ஆகியோரே திரும்பத் திரும்ப வந்தார்கள். முதலாம் இரண்டாம் ஆண்டு வகுப்புகளை எடுப்பவர்களும், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்பிக்கும் குறைநீக்கல் ஆசிரியர்களும் வரவே இல்லை. அவர்களிடம் காட்டுவதற்குக் கோப்பை கிடையாது. ஒரு பிள்ளை 'பட்டம்' என்ற சொல்லைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்ததற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

மூன்றாவது விஷயம் பணம். 1998-ஆம் ஆண்டுப் பொதுச்சேவைச் சுற்றறிக்கையின்படி, அரசு ஊழியர் பெறும் பரிசின் மதிப்பு அவரது மாத ஊதியத்தில் கால் பங்கையோ 500 ரிங்கிட்டையோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால், இலாகாத் தலைவரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பரிசை வைத்துக்கொள்ளலாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். எங்கள் பரிசோ 1,000 ரிங்கிட். விருது பெற்ற ஓர் ஆசிரியை முறைப்படி தெரிவித்துவிட்டு, பதில் வரும்வரை அந்த உறையைத் திறக்காமலே வீட்டில் வைத்திருந்தார். பாராட்ட நினைத்துக் கொடுத்தது அவருக்கு மனக்கலக்கமாகிவிட்டது.

விவாதமும் முடிவும்

அடுத்து நடந்த செயலவைக் கூட்டம் நீண்டது. பரிசுத்தொகையை உயர்த்தி, மாநில அளவில் ஒரே ஒருவருக்கு 10,000 ரிங்கிட் தரலாம் என்று ஒரு கருத்து வந்தது. அதற்கு எடுத்துக்காட்டாக 2020-ஆம் ஆண்டின் உலக ஆசிரியர் பரிசைச் சொன்னார்கள். பகாங்கில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த நம் நாட்டு ஆசிரியர் சாமுவேல் ஐசாயா, அந்தப் பரிசின் இறுதிச் சுற்றில் உலகின் 10 பேரில் ஒருவராக வந்தபோது இங்கே எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. எனக்கும்தான்.

விரிவுரையாளர் அம்மையார் அதே எடுத்துக்காட்டை வேறு பக்கமாகத் திருப்பினார். அந்த ஆண்டு பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசை வென்றவர் மகாராஷ்டிர மாநிலத்தின் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர், ரஞ்சித்சிங் டிசாலே. தன் பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம் என்பதால் அதைக் கற்று, பாடநூலை அவர்கள் மொழிக்குக் கொண்டுவந்தவர். பரிசு அறிவித்த உடனே அதில் பாதியை மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்துவிட்டார். சாமுவேலும் அந்த ஒன்பதில் ஒருவர். "வென்றவருக்கே அது ஒருவருக்கு மட்டும் உரியது என்று தோன்றவில்லை பாருங்கள். சாமுவேலுக்கும் கைக்கணினி வாங்கப் பணம் தேவைப்பட்டது விருதுக்கு ரொம்ப முன்னாடி. அப்போது யார் கொடுத்தார்கள்? நாலு பேரிடம் கேட்டுத் திரட்ட வேண்டியிருந்தது. நாம் அந்த முன்னாடி இடத்தில் இருக்கலாமே" என்றார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு கூட்டத்தின் திசை மாறியது. விருதை நிறுத்திவிட்டு, முயற்சி தொடங்கும்போதே தரும் சிறு மானியமாக மாற்றுவது என்று முடிவானது. ஒரு பள்ளிக்கு 3,000 ரிங்கிட் வரை. விண்ணப்பம் ஒரே பக்கம். தமிழிலோ மலாயிலோ எழுதலாம், எழுத நேரமில்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் அனுப்பலாம். கேள்வி மூன்றுதான்: உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளைகளுக்கு எது வரவில்லை, என்ன செய்து பார்க்க நினைக்கிறீர்கள், அது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள். பிறகு செயலவையிலிருந்து இருவர், தலைமையாசிரியரின் அனுமதியோடு, வகுப்பில் போய் உட்கார்ந்து பார்ப்பார்கள். சான்றிதழ் நகல் எதையும் இணைக்க வேண்டாம் என்று பாரத்திலேயே அச்சிட்டோம்.

பணம் ஆசிரியரின் கைக்குப் போகாது. பள்ளியின் சுவா கணக்குக்கு, அதாவது பொது நன்கொடைகளுக்கான கணக்குக்குப் போய், அங்கிருந்து ரசீதோடு செலவாகும். பரிசு பற்றிய சிக்கலே அதனால் எழவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்பட்டது நேரம். மானியம் கிடைத்தும் அதைச் செய்ய ஆசிரியருக்கு நேரம் இல்லையென்றால் என்ன பயன் என்று தலைவரே கேட்டார். தலைமையாசிரியராக இருந்த காலத்தில் அவர் கண்டது இது. அதனால் ஒரு நிபந்தனை சேர்ந்தது: வாரத்தில் இரண்டு பாடவேளை அந்த ஆசிரியரை விடுவித்துத் தருவதாகத் தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டும். இதை எழுதினால் பாதிப் பள்ளிகள் விண்ணப்பிக்காது என்று பொருளாளர் எச்சரித்தார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே போனது. வந்த விண்ணப்பங்கள் குறைவு. ஆனால் வந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் தன் பெயரைப் பணயம் வைத்த ஒரு தலைமையாசிரியர் இருந்தார்.

முதல் சுற்று: செபராங் பிறையில் ஒரு சிறிய பள்ளி

2023 மார்ச்சில் தொடங்கிய பள்ளித் தவணையில் முதல் மானியங்கள் போயின. இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியது, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தெற்கில் உள்ள ஒரு பள்ளியைப் பற்றி. தோட்டப் பள்ளியாக இருந்து, பிறகு வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறியது. 150-க்கும் குறைவான மாணவர்கள் என்பதால் குறைந்த மாணவர் பள்ளி என்ற வகையில் வரும். இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னணியில் பிள்ளைகள் சத்தம். அவர் சொன்னது இதுதான்: "என் பிள்ளைகளுக்கு எழுத்து தெரியுது, சொல் வரல. பாடநூலில் முதல் பக்கத்திலேயே எல்லா எழுத்தும் கலந்து வருது. தெரிஞ்ச எழுத்தை மட்டும் வச்சு ஒரு கதை கிடைச்சா அவங்களே வாசிப்பாங்க."

தமிழில் 247 எழுத்து. அத்தனையும் நெடுங்கணக்கு வரிசையில் ஓதி முடித்த பிறகுதான் வாசிப்பு என்றால், தடுமாறும் பிள்ளைக்கு வாசிப்பின் இன்பம் ரொம்ப நாள் எட்டாது. அதிலும் எகர, ஏகார, ஐகார, ஒகர வரிசைகள் கடினம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. உகர வரிசையில் கு, சு, து என்று வேறு வேறு வடிவம். இந்த ஆசிரியை செய்தது, வடிவம் எளிதாக இருக்கும் வரிசைகளை முதலில் எடுத்து, அவற்றை மட்டும் வைத்து எட்டுப் பக்கச் சிறு புத்தகங்களைத் தானே எழுதியது. மெய்யெழுத்தும் அகர, ஆகார வரிசைகளும் தெரிந்தால் போதும், 'தாத்தா வந்தார். அப்பா கப்பல் பார்த்தார்' என்று முழு வாக்கியத்தைப் பிள்ளை வாசித்துவிடும். அடுத்த புத்தகத்தில் இகரம் சேரும், அதற்கடுத்ததில் உகரம். பட்டர்வொர்த் ஃபெரி, பினாங்குப் பாலம், தண்ணீர்மலைத் தைப்பூசம், பாட்டி வீட்டு ரம்புத்தான் மரம் என்று அவர்கள் பார்த்தவைதான் கதை.

வகுப்பைப் பார்க்கப் போனவர்கள் விரிவுரையாளர் அம்மையாரும் நானும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பையன் தன் புத்தகத்தை முடித்துவிட்டு, டீச்சரிடம் காட்டாமல் நேராக எங்களிடம் வந்து வாசித்துக் காட்டினான். தான் வாசித்ததை வேறு யாராவது கேட்க வேண்டும் என்ற அவசரம் அது. அம்மையார் மூன்று முறை கேட்டார்.

அந்த இரண்டு பாடவேளை எங்கிருந்து வந்தது என்று தலைமையாசிரியையிடம் கேட்டோம். "நான் எடுத்துக்கிறேன்" என்று சுருக்கமாகச் சொன்னார். இரண்டாம் ஆண்டின் நன்னெறிக் கல்வியையும் ஓவியத்தையும் அவரே நடத்தினார். அது மட்டும் இல்லை. புகைப்படத்தோடு அனுப்ப வேண்டிய நிகழ்ச்சி அறிக்கைகளை அந்த ஆசிரியையின் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். இப்படி ஒரு வேலையை எடுத்துவிடும் தலைமையாசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. புது வேலை சேர்ப்பவர்களே அதிகம்.

மானியப் பணம் அச்சுக்கும் காகிதத்துக்கும் ஓவியருக்கும் போனது. முழுத் தொகையும் தேவைப்படவில்லை.

அதே சுற்றில் வேறொரு பள்ளி

தீவுப் பகுதியில் ஒரு பெரிய பள்ளியில், நிரல் எழுதக் கற்பிக்கும் சாதனங்கள் வாங்க ஓர் ஆசிரியருக்கு மானியம் தந்தோம். நல்ல ஆசிரியர், ஆர்வமான பிள்ளைகள். ஆண்டு முடிவதற்குள் அவர் பதவி உயர்வில் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போய்விட்டார். சாதனங்கள் பள்ளிச் சொத்தாகப் பதிவாகி, வள மையத்தின் அலமாரியில் பூட்டப்பட்டன. அவற்றை இயக்கத் தெரிந்த வேறு ஆசிரியர் இல்லை. அவருடைய உயர்வு நியாயமானது; திறமையானவர்கள் வகுப்பறையை விட்டுப் போவது பதவி உயர்வு அமைப்போடு பிறந்த விஷயம். மானியம் ஒருவரை நம்பி மட்டும் போனதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

பின் நடந்தவை

சிறிய பள்ளியிலும் எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. முதலில் ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு எழுந்தது. "காசு அவங்களுக்கு, ரிலீஃப் கிளாஸ் நமக்கா?" என்று ஒருவர் கேட்டது எங்கள் காதுக்கும் வந்தது. தலைமையாசிரியை விடுப்பில் இருந்த நாள்களில் அந்தப் பாடவேளைகள் மற்றவர்கள் தலையில் விழுந்திருக்கின்றன. கேட்டவர் சொன்னதில் தப்பில்லை. அங்கீகாரம் ஒருவர் பெயருக்குப் போகும்போது, அதைச் சாத்தியமாக்கும் மற்றவர்கள் கணக்கில் வருவதில்லை.

அப்புறம், அந்த ஆண்டின் பிற்பகுதியில் தலைமையாசிரியை 60 வயதில் கட்டாய ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் இரண்டு பாடவேளையையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருந்தார், இன்னோர் இடம் நிரப்பப்படாமல் காலியாக இருந்தது. முந்தைய தலைமையாசிரியை போட்ட கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்றும் தெளிவாகச் சொன்னார். தலைவர் தனியாகப் போய் அவரோடு பேசினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பதவியில் இருப்பவரோடு பேசும் பேச்சு அது. நான் கடிதம் எழுதியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். முடிவில் வாரத்துக்கு ஒரு பாடவேளை, ஆனால் முதலாம் ஆண்டு ஆசிரியரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று இணங்கினார். அந்த யோசனை அவருடையதே. எங்கள் நிபந்தனையைவிட அது மேலானது.

தவணை இறுதியில் வாசிப்பைச் சோதித்தோம். பிள்ளைகள் முன்பு பார்க்காத ஒரு பத்தியை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லி, அம்மையாரே கேட்டார். தொடக்கத்தில் தனி எழுத்தோடு நின்றவர்களில் பெரும்பாலோர் வாக்கியம் வாசித்தார்கள். ஒருசிலர் முன்னேறவில்லை. அவர்களில் ஒரு சிறுமிக்குக் கண்ணாடி தேவை என்பது அந்தச் சோதனையின்போதுதான் தெரிந்தது; புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனதை அம்மையார் கவனித்தார். முன்னேற்றம் முழுவதும் புத்தகங்களால் வந்தது என்று நாங்கள் அறிக்கையில் எழுதவில்லை. ஒப்பிட வேறு வகுப்பு இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு வயதும் கூடியிருந்தது.

புத்தகங்கள் அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும் போயின. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்துகொண்டார்கள், சிலர் தங்கள் வட்டாரத்துக்கேற்ப கதையை மாற்றினார்கள். எழுதிய ஆசிரியையின் பெயர் சில நகல்களில் விடுபட்டுப் போனது அவருக்கு வருத்தம் தந்தது. அவர் வெளியே சொல்லவில்லை. முதலாம் ஆண்டு ஆசிரியர்தான் எங்களிடம் சொன்னார்.

பாராட்டு விழா ஓட்டலில் நடக்கவில்லை. திங்கட்கிழமை சபைகூடலில், பிள்ளைகள் முன்னிலையில், இரண்டு ஆசிரியர்களையும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியையையும் அழைத்து நன்றி சொன்னோம். பெற்றோர் சிலரும் வந்திருந்தார்கள்.

தலைமையாசிரியரை எப்படி அங்கீகரிப்பது

இந்தக் கேள்விதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. நாட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2010-ல் கல்வி அமைச்சு 'தாவாரான் பாரு' என்ற திட்டத்தில், இலக்கை எட்டும் தலைமையாசிரியர்களுக்கு ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது. பள்ளியின் தேர்ச்சியையும் தரப்புள்ளியையும் வைத்து அளந்தார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-ல் அகற்றப்பட்ட பிறகு தொடக்கப்பள்ளியை அளக்கப் பழைய எண் இல்லை. இருந்திருந்தாலும், நன்னெறிக் கல்வி வகுப்பைத் தானே எடுத்து ஓர் ஆசிரியையை விடுவித்த அந்தத் தலைமையாசிரியையை அந்த எண் காட்டியிருக்காது.

பொருளாளர் அளவுகோல் வேண்டும் என்றார், தலைவர் எந்த அளவுகோலும் வேண்டாம் என்றார். இறுதியில் ஆசிரியர்களிடமே கேட்பது என்று ஆனது. பெயர் எழுதாத தாளில் மூன்று கேள்விகள்: இந்த ஆண்டு தலைமையாசிரியர் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பிறகு உங்களோடு பேசினாரா, நீங்கள் சொன்ன ஒரு யோசனைக்கு என்ன ஆனது, உங்கள் வேலைகளில் எதை அவர் எடுத்துவிட்டார். மூன்றாம் கேள்விக்குப் பல தாள்களில் பதில் இல்லாமல் வந்தது. பதில் வந்த தாள்களோ நெருக்கி நெருக்கி எழுதியவை.

அந்தத் தாள்களின் அடிப்படையில் ஒரு தலைமையாசிரியருக்குக் கொடுத்தது, பள்ளிக் கணக்கில் சேரும் ஒரு சிறு நிதி. எந்த ஆசிரியரின் எந்த முயற்சிக்கும் அவர் எங்களிடம் கேட்காமல் செலவு செய்யலாம்; ரசீது போதும். அந்த நம்பிக்கையே அவருக்குப் பெரிய மரியாதையாக இருந்ததாகப் பிறகு சொன்னார்.

அடுத்த சுற்றில் மாறுபவை

மானியம் இனி இரண்டு ஆசிரியர்களின் பெயரில்தான் போகும், ஒருவர் மாற்றலாகிப் போனால் மற்றவர் தொடர. சாதனம் வாங்கும் மானியம் என்றால், இரண்டாமவரும் அதை இயக்கக் கற்ற பிறகே பணம் விடுவிக்கப்படும். பாடவேளையை விட்டுத் தரும் உறுதியில் தலைமையாசிரியரோடு பள்ளி வாரியத் தலைவரும் கையெழுத்திடுவார். அவர் கையெழுத்து கால அட்டவணையை மாற்ற முடியாது, ஆனால் தலைமையாசிரியர் மாறும்போது புதியவருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் அங்கே இருப்பார். ரிலீஃப் எடுப்பவர்களின் பெயர்கள் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். சபைகூடலில் அவர்களுக்கும் நன்றி சொல்லப்படும்.

வாசிப்புத் திட்டங்களுக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே முறையில் சோதனை நடக்கும். இன்னொரு பள்ளியின் வகுப்பையும் அதே முறையில் கேட்க ஏற்பாடு செய்கிறோம். சோதனைக்கு முன்பே கண்பார்வை பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்குக் கடிதம் போகும்.

புத்தகங்கள் மறுஅச்சாகின்றன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எழுதியவர் பெயரும் பள்ளியின் பெயரும் இருக்கும், கதையை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு என்ற ஒரு வரியும் கீழே வரும். கொம்பு எழுத்துகளுக்கான புத்தகங்களை அந்த ஆசிரியையும் முதலாம் ஆண்டு ஆசிரியரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுக்கான மானிய விண்ணப்பம் இருவர் பெயரிலும் வந்திருக்கிறது.